நெட்வொர்க் விண்டோ ஏன் காலியாச்சு?

வீட்ல ரெண்டு கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர். நேத்து வரைக்கும் மாடியில இருந்த லேப்டாப் கீழே இருக்கிற மெஷினோட ஃபோல்டரைத் திறந்தது. இன்னைக்கு நெட்வொர்க் விண்டோ காலி. யாரும் எதையும் தொடலை. ரவுட்டரை அணைச்சுப் போடறோம், கேபிளைப் பிடுங்கிச் சொருகறோம். பெரும்பாலும் பழுது அங்கே இருக்காது. இது நாற்பது வருஷத்துக் கதை.

1983-ல் ஐபிஎம்-ல் பாரி ஃபைகன்பாம் ஒரு நெறிமுறையை உருவாக்கினார். வேறொரு மெஷினில் இருக்கும் ஃபைலை, தன் டிஸ்க்கில் இருப்பது போலவே டாஸ் திறக்க வேண்டும், அவ்வளவுதான் தேவை. முதலில் தன் இனிஷியலையே, பிஏஎஃப் என்று, அதற்குப் பேராக வைத்தார். பிறகு அது எஸ்எம்பி ஆனது. கூடவே நெட்பயாஸ். ஒவ்வொரு மெஷினும் தன் பேரை 15 எழுத்துக்குள் நெட்வொர்க் முழுக்கக் கூவிச் சொல்லும். ஒரே ஆபீஸ், ஒரே ஒயர், எல்லாரும் தெரிஞ்சவங்க. திருடன் வருவான்னு யாரும் யோசிக்கலை.

1992-ல் விண்டோஸ் ஃபார் வொர்க்குரூப்ஸ் வந்ததும் இது சாதாரண பிசிக்கு வந்தது. இங்கேதான் எனக்குப் பிடிச்ச விஷயம் இருக்கு. யார் யார் நெட்வொர்க்கில் இருக்காங்கன்னு பட்டியல் வெச்சுக்க, மெஷின்கள் தங்களுக்குள்ளேயே தேர்தல் நடத்தும்! ஜெயிச்ச மெஷின்தான் மாஸ்டர் பிரவுசர். மத்த மெஷின்கள் 12 நிமிஷத்துக்கு ஒரு முறை ‘இருக்கேன்’னு குரல் கொடுக்கும். மூணு முறை குரல் வரலைன்னா பேரை அடிச்சுடும். அந்தத் திருத்தம் துணைப் பட்டியல்களுக்குப் போய்ச் சேர இன்னும் 15 நிமிஷம். ஆக, அணைச்சுப்போட்ட கம்ப்யூட்டர் 51 நிமிஷம் வரைக்கும் பட்டியலில் உயிரோட இருக்கலாம். பட்டியல் வேற, ஃபைலைத் திறக்கிற வேலை வேற. பேர் தெரியலைங்கறதால மெஷின் இல்லைன்னு ஆகாது.

அதே காலத்தில், கான்பெராவில் ஆஸ்திரேலிய தேசியப் பல்கலைக்கழகத்து மாணவர் ஆண்ட்ரூ ட்ரிட்ஜல், ஒயரில் ஓடற பேச்சை ஒட்டுக்கேட்டே இந்த நெறிமுறையை யூனிக்ஸில் எழுதினார். பாஷை தெரியாத ஊர்ல டீக்கடையில உட்கார்ந்து, யார் என்ன கேட்டா என்ன வருதுன்னு பார்த்துக் கத்துக்கிற மாதிரி. எஸ், எம், பி மூணும் வரும் சொல்லை அகராதியில் தேடினார், சாம்பா கிடைச்சது. இன்னைக்குப் பல வீடுகளில் இருக்கிற நெட்வொர்க் ஸ்டோரேஜ் பெட்டிக்குள்ளே அதுதான் ஓடுது.

2017 மே 12. வன்னாக்ரை. எஸ்எம்பி-யின் முதல் பதிப்பில் இருந்த ஓட்டை வழியா மெஷின் மெஷினாப் பரவி, பிரிட்டனில் மருத்துவமனைகள் நோயாளிகளைத் திருப்பி அனுப்புற நிலைமைக்குக் கொண்டுபோச்சு. மைக்ரோசாஃப்ட் மார்ச்சிலேயே பேட்ச் கொடுத்திருந்தது, பலர் போடலை. முதல் பதிப்பை விட்டுடுங்கன்னு அங்கே வேலை பார்த்த நெட் பைல் 2016-லேயே எழுதியிருந்தார்.

அந்த வருஷம் அக்டோபரில் வந்த விண்டோஸ் 10 பதிப்பு, ஹோம், ப்ரோ மெஷின்களில் ஒரு வேலை செஞ்சது. முதல் பதிப்பை 15 நாள் பயன்படுத்தலைன்னா அது தானாவே கழண்டுடும். பழைய தேர்தல் பட்டியல் அதை நம்பித்தான் இருந்தது, அதுவும் போச்சு. அடுத்த வருஷம் ஹோம்குரூப்பையும் எடுத்தாங்க. எடுத்தது சரிதான். ஆனா சொல்லாம எடுத்தது சரியில்லைன்னு நினைக்கிறேன். விண்டோ காலியா இருக்கே தவிர, ஏன்னு சொல்லலை. அதனால ஜனங்க ஏதோ வீடியோவைப் பார்த்து எஸ்எம்பி ஒண்ணைத் திரும்ப ஆன் பண்றாங்க.

பண்ணாதீங்க. முதல்ல முகவரிப் பட்டியில் ரெண்டு பின்சாய்வுக் கோடு போட்டு, அந்த மெஷினோட ஐபி எண்ணை அடிங்க. திறந்தா ஷேரிங் நல்லா இருக்கு, பட்டியல்தான் பிரச்சினை. நெட்வொர்க்கை பிரைவேட்னு மாத்தி, ஷேர் பண்ற மெஷினில் ‘ஃபங்ஷன் டிஸ்கவரி ரிசோர்ஸ் பப்ளிகேஷன்’ சர்வீஸ் ஓடுதான்னு பாருங்க. பழைய ஸ்டோரேஜ் பெட்டின்னா, அதோட செட்டிங்ஸில் எஸ்எம்பி 2 இருக்கான்னு தேடுங்க. நிறைய பெட்டியில் இருக்கு, அணைச்சு வெச்சிருப்பாங்க.

பிரிண்டர் கதையும் இதே நம்பிக்கையில ஆரம்பிச்சதுதான். பக்கத்து மெஷின் டிரைவர் கொடுக்கும், நம்ம மெஷின் கேள்வி கேக்காம வாங்கி நிறுவிக்கும். 2021-ல் பிரிண்ட்நைட்மேர் ஓட்டை வெளியே வந்ததும் அந்தப் பழக்கத்துக்குப் பூட்டுப் போட்டாங்க. ஆகஸ்டிலிருந்து டிரைவர் நிறுவ அட்மின் அனுமதி வேணும். செப்டம்பர் அப்டேட்டுக்கு அப்புறம் 11பி-ன்னு முடியற எரரைப் பார்த்திருப்பீங்க. ஷேர் பண்ற மெஷின் கூடுதல் சரிபார்ப்பு கேக்குது, அதான். ரெண்டு பக்கமும் அப்டேட் பண்ணுங்க. பிரிண்டரிலேயே வைஃபை இருந்தா நடுவுல ஒரு கம்ப்யூட்டரே வேண்டாம். ஐபி எண்ணைக் கொடுத்து நேரா சேர்த்துக்கலாம்.