முதல் ஸ்மார்ட்போனுக்கு எந்த சிம்? விளம்பரத்தை விட வீட்டுக்குள் சிக்னல் முக்கியம்

கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம், கோபாலப்பட்டினம், மீமிசல் என நம் கடற்கரை ஊர்களில் பட்டன் போனை விட்டு முதன்முறையாக ஸ்மார்ட்போனுக்கு மாறுபவர்களில் பெரியவர்களும் பெண்களும் அதிகம். சபுரில் இருக்கும் மகனையோ கணவரையோ முகம் பார்த்துப் பேச வேண்டும் என்பதுதான் பலருக்கும் முதல் காரணம். போன் வாங்க நாலு கடை ஏறி இறங்குபவர்கள், சிம் மட்டும் கடைக்காரர் கொடுத்ததை வாங்கி வந்துவிடுகிறார்கள்.

தமிழ்நாட்டில் இன்று ஜியோ, ஏர்டெல், வி, பி.எஸ்.என்.எல். ஆகிய நான்குதான் உள்ளன. இதில் எது சிறந்தது என்று பொதுவாகச் சொல்ல முடியாது. ஒரே ஊரில் பள்ளிவாசல் தெருவில் நன்றாக எடுப்பது, கடற்கரைத் தெருவில் எடுக்காது. கான்கிரீட் வீட்டில் வாசலில் இருக்கும் சிக்னல் அடுப்படியில் இருக்காது. எனவே பக்கத்து வீட்டாரின் போனை வாங்கி, உங்கள் வீட்டுக்குள்ளேயே ஐந்து நிமிடம் வாட்ஸ்அப் வீடியோ கால் பேசிப் பாருங்கள். அதையும் இஷாவுக்குப் பிறகு செய்யுங்கள். எல்லோரும் நெட் பயன்படுத்தும் அந்த நேரத்தில்தான், கோடு முழுதாகக் காட்டினாலும் வேகம் இருக்கிறதா என்பது தெரியும். பி.எஸ்.என்.எல். 4ஜி சேவை நாடு முழுவதற்கும் 2025 செப்டம்பர் 27 அன்று முறைப்படி தொடங்கப்பட்டது. பழைய அனுபவத்தை வைத்து அதை ஒதுக்காமல் மறுபடி சோதிக்கலாம்.

இன்னொன்று: ஜியோவுக்கு 2ஜி கிடையாது. போன் ரிப்பேர் ஆனால் அந்த சிம்மைப் பழைய 2ஜி பட்டன் போனில் போட்டுப் பேச முடியாது.

கட்டண விஷயத்தில் 28 நாள் பிளானை மாதக் கணக்கு என்று நினைக்க வேண்டாம். வருடத்துக்கு 13 ரீசார்ஜ் ஆகும். வீட்டில் வைஃபை இருந்தால் டேட்டா பிளானே தேவையில்லை. பேசவும் எஸ்.எம்.எஸ். அனுப்பவும் மட்டும் தனி பிளான் தர வேண்டும் என டிராய் 2024 டிசம்பரில் உத்தரவிட்டது. கடைகளில் இதைத் தாமாகச் சொல்ல மாட்டார்கள், கேட்டு வாங்க வேண்டும்.

சிம் உங்கள் பெயரிலேயே இருக்கட்டும். வங்கி, ஆதார், ரேஷன் கார்டு, ஹஜ் விண்ணப்பம் எல்லாம் அந்த எண்ணுக்கு வரும் ஓடிபியை நம்பியே உள்ளன. மருமகன் பெயரில் எடுத்த சிம் தொலைந்தால், அவர் சபுரில் இருக்கும்போது மாற்று சிம் வாங்குவது பெரும்பாடு. உங்கள் பெயரில் எத்தனை எண்கள் இருக்கின்றன என்பதை மத்திய அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் பார்க்கலாம். ஒருவருக்கு 9 வரைதான் அனுமதி.

தேர்ந்தெடுத்தது சரிவரவில்லை என்றால் எண்ணை மாற்றாமலே நிறுவனத்தை மாற்றலாம். இந்த வசதி 2011 ஜனவரி 20 முதல் நாடு முழுவதும் உள்ளது. ஆங்கிலத்தில் போர்ட் என்று தட்டி, இடைவெளி விட்டு உங்கள் எண்ணைச் சேர்த்து 1900-க்கு எஸ்.எம்.எஸ். அனுப்பினால் எட்டு எழுத்துக் குறியீடு வரும். அது நான்கு நாள் செல்லும். அதற்கு முன் தற்போதைய நிறுவனத்தில் 90 நாள் முடிந்திருக்க வேண்டும். சிம்மை மாற்றி வாங்கியிருந்தால் 7 நாள் பொறுக்க வேண்டும்.

சேவை மோசமாகிக்கொண்டே வந்தால் தள்ளிப் போடாதீர்கள். 2018 பிப்ரவரியில் ஏர்செல் முடங்கியபோது, அந்த எஸ்.எம்.எஸ். அனுப்பக்கூட சிக்னல் இல்லாமல் தமிழ்நாட்டில் ஏராளமானோர் அலைந்தார்கள். வங்கிக் கணக்கோடு இணைத்த எண்ணாயிற்றே, விட்டுவிடவும் முடியவில்லை.

புதிய சிம் வேலை செய்யும் வரை பழையதைக் கழற்ற வேண்டாம். மாறும் நாளில் சிறிது நேரம் இரண்டுமே எடுக்காது. அன்று வங்கி வேலை எதையும் வைத்துக்கொள்ளாதீர்கள்.