துளைக்கும் குண்டும் அடிக்கும் குண்டும்

வேட்டைப் பிராணி எவ்வாறு உயிர் துறந்தது என்னும் வினா, நம் ஃபிக்ஹு நூல்களில் தனிப் பாடமாகவே அமைந்துள்ளது. வள்ளல் ஹாத்திம் தாயின் மைந்தரான அதீ (ரலி) அவர்கள், 'மிஃராள்' எனப்படும் இறகற்ற அம்பைப் பற்றி அண்ணல் நபி (ஸல்) அவர்களிடம் வினவினார்கள். கூர்முனை பாய்ந்து இறந்ததை உண்ணலாம். அம்பு குறுக்காக விழுந்து மோதியதால் இறந்ததை உண்ணலாகாது என்பதே அவர்கள் பெற்ற விடையின் சாரம். பின்னது, திருமறையின் ஐந்தாம் அத்தியாயம் விலக்கியுள்ள 'மவ்கூதா', அதாவது அடிபட்டுச் செத்தது, என்னும் வகையைச் சேர்ந்தது.

துளைத்ததா, அடித்ததா? வெடிமருந்தும் ஈயக் குண்டும் வந்தபின் இவ்வினா மீண்டும் உயிர்பெற்றது. திமிஷ்கில் வாழ்ந்து ஹிஜ்ரி 1252ல் (1836) மறைந்த ஹனஃபி அறிஞர் அல்லாமா இப்னு ஆபிதீன் (ரஹ்), ஈயக் குண்டுக்குக் கூர்மையில்லை. அது வெப்பத்தாலும் உந்து விசையாலுமே கொல்கிறது. ஆகவே அதனால் மாண்டது ஆகாது என்றார்கள். அவர்களுக்கு இரண்டாண்டு முன்னர், ஹிஜ்ரி 1250ல் (1834) மறைந்த யமன் நாட்டு அறிஞர் இமாம் ஷவ்கானி (ரஹ்), குண்டு உடலைத் துளைத்துச் செல்வதால் ஆகும் என்றார்கள். உயிர் இருக்கும்போதே அடைந்து முறைப்படி அறுத்துவிட்டால் ஹலால் என்பதில் மட்டும் கருத்து வேறுபாடில்லை.

இந்த ஃபிக்ஹு விவாதத்தை ஒரு சிறிதும் அறியாத ஆங்கிலேய வேட்டைக்காரர்கள், ஏறத்தாழ நூறாண்டுக்குப் பின் இதே வினாவில் வந்து முட்டிக்கொண்டனர் என்பது வியப்புக்குரியது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் யானை வேட்டைக்குக் கால் பவுண்டு எடையுள்ள ஈய உருண்டையைச் செலுத்தும் 'நான்கு போர்' துப்பாக்கிகள்கூட இருந்தன. கரிய வெடிமருந்தால் குண்டின் வேகத்தை ஓரளவுக்குமேல் கூட்ட இயலாது. எனவே எடையைக் கூட்டினர். மெல்லிய ஈயமோ எலும்பில் பட்டதும் நசுங்கியது. புகையற்ற வெடிமருந்தும், கடின உலோக உறையிட்ட குண்டும் தோன்றியபின் நிலைமை மாறியது. இலண்டன் ரிக்பி நிறுவனம் 1898ல் வெளியிட்ட .450 தோட்டா, சுமார் 31 கிராம் குண்டை நொடிக்கு 2,150 அடி வேகத்தில் செலுத்திற்று. (இவ்வெண், அங்குலக் கணக்கில் குண்டின் பருமனைக் குறிக்கும்.)

இத்தோட்டாவுக்குத் தடை வந்தது காட்டிலிருந்தன்று; அரசியலிலிருந்து. ஆங்கிலப் படையின் பழைய மார்ட்டினி ஹென்றி துப்பாக்கியும் .450 அளவினதே. அத்துப்பாக்கிகள் பல எதிர்ப்பாளர்களின் கைகளில் இருந்தமையால், வேட்டைக்கென வரும் குண்டுகள் அவற்றுக்கு இரையாகலாம் என அஞ்சிய ஆட்சியாளர், 1907ல் இந்தியாவிலும் சூடானிலும் அவ்வளவைத் தடை செய்தனர். மஹ்தியின் வழிவந்தோர் உம்முதுர்மானில் வீழ்ந்து அப்போது ஒன்பதாண்டே கழிந்திருந்தது. தடையைக் கடக்கவே .465, .470, .475 முதலிய புதுத் தோட்டாக்கள் சந்தைக்கு வந்தன. ஆற்றலில் இவற்றுக்கும் பழையதற்கும் பெரிய வேறுபாடில்லை. பெருவேட்டைத் தோட்டாக்களின் இந்த நீண்ட பெயர்ப்பட்டியலில் ஒரு பகுதி, விலங்கின் தோல் தடிப்பால் அன்று, அடிமைப்பட்ட மக்களைப் பற்றிய அச்சத்தால் பிறந்ததாகும்.

இந்நிலையில்தான் ஸ்காட்லாந்தைச் சேர்ந்த வால்டர் பெல் (1880–1954) புதியதொரு வழியைக் காட்டினார். உகாண்டாவின் கரமோஜா பகுதியில் தந்தத்துக்காக வேட்டையாடிய அவர் பெரிதும் கையாண்டது, மவுசர் நிறுவனத்தின் 7 மில்லிமீட்டர் இராணுவத் தோட்டாவையே. ரிக்பி அதனை .275 எனப் பெயரிட்டு விற்றது. குண்டின் எடை ஏறத்தாழ 11 கிராம்தான். பெல் யானையின் மண்டையோட்டை அறுத்துப் பார்த்து மூளை இருக்கும் இடத்தைக் கற்றார். நீண்டு மெலிந்த கடினக் குண்டு வளையாமல் நேரே துளைத்துச் சென்றது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட யானைகளை அவர் வீழ்த்தினார். அவற்றுள் பெரும்பாலானவை சிறு தோட்டாக்களால் மாண்டவை.

மறுபக்கம் நின்றவர் ஜான் டெய்லர். 1948ல் வெளியான தம் நூலில், குண்டின் எடை, வேகம், விட்டம் மூன்றையும் பெருக்கி 7,000ஆல் வகுக்கும் ஒரு கணக்கைத் தந்தார். அவ்வகையில் .275க்குச் சுமார் 16 எண் கிடைக்கும்; .470க்கோ 70க்கு மேல். குறி மூளையைத் தவறினாலும் யானையை நிலைகுலையச் செய்யும் அதிர்ச்சியே அவர் அளக்க விரும்பியது. பெல் துளைத்தலை நம்பினார். டெய்லர் அடித்தலை நம்பினார். இப்னு ஆபிதீனும் ஷவ்கானியும் ஒரே குண்டில் கண்ட இரு தன்மைகளையே இவ்விருவரும் ஆளுக்கொன்றாகப் பற்றிக்கொண்டனர்.

யார் சரி? பெல்லின் கையில் சிறு குண்டு போதுமானதாயிற்று. அவருடைய பயிற்சியும் பொறுமையும் இல்லாதவன் கையில் அதே குண்டு, காயத்தோடு காட்டுக்குள் மறைந்து நாட்கணக்கில் நோகும் ஒரு விலங்கையே மிச்சமாக்கும். ஆப்பிரிக்க நாடுகள் சில, ஆபத்தான பெருவிலங்குகளுக்கு .375க்குக் குறைந்த தோட்டா கூடாதென விதித்திருப்பது இதனால்தான். 1912ல் ஹாலண்டு அண்டு ஹாலண்டு நிறுவனம் வெளியிட்ட .375, துளைத்தலும் அடித்தலும் ஓரளவு இணைந்த நடுவழி.

எனினும், தோட்டாக்களை ஒப்பிடும் நூல்கள் நிறுத்திக்கொள்ளும் இடத்தில் நம் மார்க்கத்தின் கேள்வி தொடங்குகிறது. எல்லாவற்றிலும் அழகிய முறையைக் கைக்கொள்ளுமாறும், கொல்லும்போதும் நல்ல முறையில் கொல்லுமாறும், அறுக்கும் கத்தியைத் தீட்டிக்கொள்ளுமாறும் நபிகள் நாயகம் (ஸல்) பணித்தார்கள். அவ்வளவில் பெல்லின் கவனமும் டெய்லரின் எச்சரிக்கையும் பாராட்டத்தக்கவையே. ஆனால் வீணே கொல்லப்பட்ட சிட்டுக்குருவி மறுமையில் இறைவனிடம் முறையிடும் என்றும் நமக்குக் கற்பிக்கப்பட்டிருக்கிறது. உண்ணுதற்காகவன்றித் தந்தத்துக்காக வீழ்ந்த ஆயிரம் யானைகள் என்ன முறையிடும்? மிகச் சரியான தோட்டாவால் கொல்லப்பட்டோம் என்பது அவற்றுக்கு விடையாகுமா?

இந்தியா 1972ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தை இயற்றிற்று. கென்யா 1977ல் வேட்டைக்குத் தடை விதித்தது. எதனால் கொல்வது என்று நூறாண்டு வாதிட்டவர்களின் நாடுகள், எதற்காகக் கொல்வது என்று கேட்கக் கற்றுக்கொண்டன. நம் முன்னோர் முதல் கேள்வியை அத்துணை நுணுக்கமாக ஆய்ந்தது, இரண்டாம் கேள்வியை மறந்தன்று. அதற்கு விடை கிடைத்த பின்னரே கருவியைத் தொடவேண்டும் என்று அறிந்திருந்ததால்தான்.