மண்டபம், மடம், சத்திரம்

கல்லூரி நண்பன் ஒருவன் வாட்ஸ்அப்பில் ஒரு கேள்வி அனுப்பியிருந்தான். நான்கு பேராகக் கொழும்புக்குப் போகிறார்கள், கசினோ பார்க்கணுமாம். "ரூம்ல கஞ்சா இழுத்தா கண்டுக்காத ஹோட்டல் எதுனா தெரியுமாடா? நீதான் ராமநாதபுரத்துக்காரன். உனக்குத்தான் அது எதிர்க்கரை." அப்படி ஒரு ஹோட்டல் எனக்குத் தெரியாது, அங்கேயும் அது குற்றம்தான் என்று பதில் போட்டேன். விஷயம் அத்தோடு முடிந்தது.

எனக்கு மட்டும் முடியவில்லை. கசினோவை எடுத்துவிட்டுப் பார்த்தால், அவன் கேட்ட கேள்வி எங்கள் கரைக்கு மிகப் பழையது. நெடுந்தூரம் பயணம் போகிற ஒருவன், கையில் கஞ்சாவோடு, பொழுது சாய்ந்த நேரத்தில் வந்து நிற்கிறான். அவனுக்கு யார் இடம் கொடுப்பார்கள்? சில நூற்றாண்டுகள் இந்தக் கேள்விக்கு இங்கே ஒரு பதில் இருந்தது.

கிழக்குக் கடற்கரைச் சாலையில் தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து தெற்கே வாருங்கள். சேதுபாவாசத்திரம் வரும். மீமிசல், தொண்டி, தேவிபட்டினம் தாண்டி ராமநாதபுரம். அங்கிருந்து கிழக்கே திரும்பினால் மண்டபம். பாலம் ஏறி இறங்கினால் பாம்பன், அக்காள்மடம், தங்கச்சிமடம். அப்புறம் ராமேஸ்வரம். ஊர்ப் பெயர்களை ஒருமுறை திரும்பப் படித்துப் பாருங்கள். சத்திரம், மண்டபம், மடம், மடம். வழிப்போக்கன் தங்குகிற இடத்துக்குத் தமிழில் என்னென்ன சொல் உண்டோ அவையெல்லாம் இந்தச் சாலையில் ஊராகிவிட்டன. பஸ்ஸில் கண்டக்டர் கூவும்போது அது நமக்கு வெறும் ஸ்டாப். ஒரு காலத்தில் அது, "இங்கே படுக்கலாம்" என்கிற அறிவிப்பு.

இந்தச் சாலையின் காவல்காரர்கள் சேதுபதிகள். பட்டப்பெயரே அதுதான்: சேதுவின் தலைவன். ராமேஸ்வரம் போகிறவனைப் பத்திரமாகக் கொண்டுபோய்ச் சேர்ப்பது அவர்களுக்கு அரசியல் கடமை, அதே சமயம் அரசுரிமைக்கான நியாயமும்கூட. வழி நெடுக அன்னசத்திரம் வைத்து, அதற்குக் கிராமங்களை எழுதிவைத்தார்கள். அக்காள்மடம், தங்கச்சிமடம் பற்றி இங்கே ஒரு கதை சொல்வார்கள். முத்து விஜயரகுநாத சேதுபதி காலம், அதாவது 18ஆம் நூற்றாண்டின் தொடக்கம். மண்டபத்திலிருந்து பாம்பனுக்குத் தோணியில்தான் கடக்கணும். அந்தத் துறையின் பொறுப்பில் இருந்த மருமகன் யாத்ரீகர்களிடம் காசு வாங்கிவிட்டான். சேதுபதிக்குத் தெரிந்தது, மரண தண்டனை விதித்தார். அவனை மணந்திருந்த மகள்கள் இருவரும் தீயில் இறங்கினார்கள். அவர்கள் நினைவாக எழுந்தவை இந்த இரண்டு மடங்கள்.

கதை எவ்வளவு நிஜம் என்பது ஒருபக்கம் இருக்கட்டும். ஒரு ஊர் தனக்குத் தானே சொல்லிக்கொள்ளத் தேர்ந்தெடுத்த கதை இது. யாத்ரீகனிடம் காசு கேட்பது தலை போகிற குற்றம்.

சரி, அந்த யாத்ரீகன் யார்? குடும்பத்தோடு வந்த சம்சாரி ஒருவன். இன்னொருவன் வடக்கிலிருந்து நடந்தே வந்த சாமியார். காசியும் ராமேஸ்வரமும் ஒரே யாத்திரையின் இரண்டு முனைகள். இங்கே கடல் மணலை எடுத்துப்போய்க் கங்கையில் கரைக்கணும், அங்கிருந்து கங்கை நீர் கொண்டுவந்து ராமநாதசுவாமிக்கு அபிஷேகம் செய்யணும். ரயிலுக்கு முன்னால் அது மாதக்கணக்கில் நடை. நடந்தவர்களில் பைராகிகளும் ஜோகிகளும் ஏராளம். அவர்கள் ஜோல்னாவில் கமண்டலம் இருந்தது, ருத்திராட்சம் இருந்தது, சிலும்பியும் இருந்தது. கஞ்சாவுக்குத் தமிழில் சிவமூலி என்று ஒரு பெயர் சும்மா வரவில்லை.

தஞ்சை மராட்டியர்களும் ராமேஸ்வரச் சாலையில் சத்திரங்கள் கட்டினார்கள். ஒரத்தநாட்டு முக்தாம்பாள் சத்திரம் இரண்டாம் சரபோஜி கட்டியது. 1801இல், சத்திரங்களின் நிலங்கள் கம்பெனி கைக்குப் போய்விடுமோ என்ற பயம் வந்தபோது, அவர் ஆங்கிலேய ரெசிடெண்டுக்கு ஒரு கடிதம் எழுதினார். நாட்டின் வருமானத்தை எடுத்துக்கொள்ளுங்கள், சத்திரத்தை மட்டும் விட்டுவிடுங்கள் என்பதுதான் அதன் தொனி. இந்தச் சத்திரங்களில் என்ன நடக்கிறது என்று அதில் விளக்குகிறார். பிராமணர் முதல் பறையர் வரை எவர் வந்தாலும் சோறு. ஜோகி, ஜங்கமர், பைராகி எல்லாருக்கும் உண்டு. சமைத்த சோறு வேண்டாம் என்பவருக்கு அரிசியும் சாமான்களும் அளந்து கொடுப்பார்கள். நடுராத்திரியில் மணி அடித்து, இன்னும் சாப்பிடாதவர் யாராவது உண்டா என்று கூப்பிடுவார்கள். நோயாளி வந்தால் வைத்தியம். வழியில் வலி கண்ட கர்ப்பிணிக்குப் பிரசவம். செத்துப்போனால் அவரவர் முறைப்படி அடக்கம்.

சாதி அங்கே இல்லாமல் போய்விட்டது என்று நினைத்துவிட வேண்டாம். யாருக்கு எந்த இடத்தில் இலை போடுவது என்பதில் எல்லாம் இருந்தது. நான் பார்ப்பது வேறு ஒன்றை. பைராகியும் ஜோகியும் வருவார்கள் என்று தெரிந்தேதான் பட்டியலில் சேர்த்திருக்கிறார்கள். அவர்கள் ராத்திரி திண்ணையில் உட்கார்ந்து என்ன செய்வார்கள் என்பதும் ஊருக்கே தெரிந்த விஷயம். என் ஊகம் இதுதான்: சத்திரம் கஞ்சாவை ஆதரிக்கவில்லை, அனுமதிக்கவும் இல்லை. அந்தக் கேள்வியையே கேட்கவில்லை. வாசலில் கேட்ட கேள்வி ஒன்றே ஒன்று: "சாப்ட்டாச்சா சாமி?"

கேள்வி கேட்கத் தொடங்கியது ஆங்கிலேயர்கள். 1893இல் பிரிட்டிஷ் பாராளுமன்றத்தில் வங்காளத்துக் கஞ்சா பற்றி ஒருவர் கேட்க, இந்திய அரசாங்கம் ஒரு கமிஷன் அமைத்தது. இந்தியன் ஹெம்ப் டிரக்ஸ் கமிஷன் என்று பெயர். தலைவர் மாக்வொர்த் யங். சென்னை மாகாணம் உட்பட நாடு முழுக்கச் சுற்றி 1,193 சாட்சிகளை விசாரித்தார்கள். டாக்டர், கலெக்டர், மிஷனரி, வியாபாரி, எல்லாரும். கஞ்சா பைத்தியமாக்குகிறது என்பதுதான் அன்றைய பெரிய குற்றச்சாட்டு. அதற்கு ஆதாரமாகக் காட்டப்பட்டவை மனநலக் காப்பகங்களின் பதிவேடுகள். கமிஷன் அந்தப் பதிவேடுகளை ஒவ்வொரு கேஸாகத் தோண்டிப் பார்த்தது. நோயின் காரணம் தெரியாதபோதெல்லாம் எவரோ 'கஞ்சா' என்று எழுதி வைத்திருந்தார்கள். புள்ளிவிவரமே நம்பத்தக்கதல்ல என்று முடிவுக்கு வந்தார்கள்.

1894இல் வந்த அறிக்கை, அளவோடு பயன்படுத்துவதால் பெரிய கேடில்லை, முழுத் தடை தேவையுமில்லை, உசிதமுமில்லை என்றது. வரி போடு, உரிமம் கொடு, கட்டுப்படுத்து. தடைக்கு எதிராக அவர்கள் சொன்ன காரணங்களில் ஒன்று நம் விஷயத்துக்கு நேராக வருகிறது. நாடெங்கும் அலையும் துறவிகள் இதைப் புகைக்கிறார்கள், தடுத்தால் மதத்தில் கைவைத்ததாக எடுத்துக்கொள்வார்கள். சாமியாரின் சாபத்துக்கு மக்கள் பயப்படுகிறார்கள், அந்தப் பயத்துக்கு சர்க்கார் பயந்தது. இடையில் வரி வருமானமும் இருந்தது என்பதை மறக்க வேண்டாம்.

பிறகு கதவுகள் ஒவ்வொன்றாகச் சாத்தப்பட்டன. 1937இல் ராஜாஜி கொண்டுவந்த மதுவிலக்குச் சட்டம் கள்ளையும் சாராயத்தையும் மட்டும் குறிவைக்கவில்லை, கஞ்சாவும் பாங்கும் அதன் வரையறைக்குள் இருந்தன. 1961இல் ஐ.நா.வின் போதைப்பொருள் உடன்படிக்கை வந்தது. மருத்துவம் அல்லாத கஞ்சாப் பழக்கத்தை நிறுத்த இந்தியா போன்ற நாடுகளுக்கு 25 ஆண்டு அவகாசம். அந்தக் கெடு முடிவதற்குள் 1985 நவம்பரில் என்.டி.பி.எஸ். சட்டம் நடைமுறைக்கு வந்துவிட்டது. அந்த மத்தியச் சட்டம் பூவையும் காயையும்தான் கஞ்சா என்கிறது, தனியாக இருக்கும் இலையை விட்டுவைத்தது. அதனால்தான் காசியில் இன்றும் அரசு உரிமம் பெற்ற பாங்கு கடை போர்டு போட்டு நடக்கிறது. ஒரே யாத்திரையின் ஒரு முனையில் சர்க்கார் கடை, மறுமுனையில் போலீஸ் கேஸ். நடுவில் சாமியாருக்கு யாரும் இதைச் சொன்னதாகத் தெரியவில்லை.

சட்டத்தின் 25ஆம் பிரிவைப் பற்றி அதிகம் பேர் பேசுவதில்லை. தன் வீட்டையோ அறையையோ இடத்தையோ இந்தக் குற்றத்துக்குத் தெரிந்தே பயன்படுத்த விட்டால், குற்றம் செய்தவனுக்கு என்ன தண்டனையோ அதே தண்டனை இடம் கொடுத்தவனுக்கும். என் நண்பன் தேடிய 'கண்டுக்காத ஹோட்டல்' சட்டப்படி இந்தியாவில் இருக்கவே முடியாது. சத்திரத்து மணியக்காரரின் கண்டுகொள்ளாமை ஒரு தர்மம். லாட்ஜ் மேனேஜரின் கண்டுகொள்ளாமை ஒரு குற்றம்.

ராமேஸ்வரத்தில் ஒரு லாட்ஜ் மேனேஜரிடம் இதைப் பேச்சுவாக்கில் கேட்டேன். மேசைக்குப் பின்னால் மாட்டியிருந்த பலகையில் மது, சீட்டாட்டம் இரண்டுக்கும் தடை. "சாமியாருங்களுக்கு ரூம் குடுப்பீங்களாண்ணே?"

"குடுக்கிறதில்ல தம்பி. ஆதார் கேட்டா முழிப்பாங்க. அவுங்க கேக்குறதும் இல்ல, அது வேற. குடும்பமா வர்றவுங்க இருக்காங்க, வாடை வந்துச்சுன்னா என்னையத்தான் கேப்பாங்க. போலீஸ் வந்தா சாமியார் எந்திரிச்சுப் போயிருவாரு, நான் எங்க போறது?"

அவர் சொன்னதில் எனக்குக் குறை சொல்ல ஒன்றும் இல்லை. அவர் இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் செய்வேன்.

கொழும்புக்கும் இதே சாலைதான் ஒரு காலத்தில் வழி. 1914இல் பாம்பன் ரயில் பாலம் திறந்தபின், சென்னையில் போட் மெயில் ஏறினால் தனுஷ்கோடி, அங்கிருந்து கப்பலில் தலைமன்னார், மறுபடி ரயில், கொழும்பு. ஒரே டிக்கெட். டிக்கெட் ஒன்றானாலும் தங்குமிடம் ஒன்றல்ல. காசுள்ளவர்கள் நேரே கப்பல் ஏறினார்கள். தேயிலைத் தோட்டத்துக்குப் போன கூலிகள் மண்டபம் கேம்ப்பில் இறக்கப்பட்டு, நோய்த் தடுப்பு என்று நாள்கணக்கில் அடைத்து வைக்கப்பட்டார்கள். யாத்ரீகனுக்கு நிழல் கொடுத்ததால் பெயர் பெற்ற ஊரில், உழைக்கப் போகிறவனுக்குக் கம்பி வேலி. அதே இடம்தான் பின்னாளில் ஈழ அகதிகளின் முகாம். 1964 டிசம்பர் புயல் தனுஷ்கோடியை எடுத்துக்கொண்டது. பின்னர் ராமேஸ்வரத்திலிருந்து போன கப்பலும் 1980களில், போர் மூண்டபோது நின்றது.

ஆனால் கடல் சும்மா இருக்கவில்லை. இலங்கைப் பத்திரிகைகளில் 'கேரளா கஞ்சா' என்று அடிக்கடி செய்தி வரும். பெயர்தான் கேரளா. பெரும்பகுதி ஆந்திர, ஒடிசா மலைகளில் விளைந்து, ரோடு வழியாக நம் கரைக்கு வந்து, வேதாளை, மண்டபம், தனுஷ்கோடிப் பக்கமிருந்து ராத்திரிப் படகில் மன்னாருக்கும் யாழ்ப்பாணத்துக்கும் போகிறது. கொழும்பில் கசினோவை முறைப்படுத்த 2010இல் சட்டமே போட்டார்கள். சூதாட வருகிறவனுக்கு வரவேற்பு உண்டு. கஞ்சாவுக்கு அங்கே ஆயுர்வேத மருந்தில் இடம் உண்டு, புகைப்பது குற்றம். ஆனாலும் வாங்க ஆள் இருப்பதால்தான் படகு போகிறது.

படகில் போகிறவன் யார்? மீன்பாடு குறைந்து, கடன் ஏறி, ஒரு ராத்திரிக்கு இவ்வளவு என்று பேசப்பட்ட பையன். சட்டப்படி 1 கிலோ வரை சிறிய அளவு. புகைத்ததற்கு மட்டும் என்றால் 6 மாதம் அல்லது அபராதத்தோடு முடியலாம். 20 கிலோவைத் தாண்டினால் வணிக அளவு: குறைந்தது 10 வருஷம், ஜாமீன் கிடைப்பதும் குதிரைக்கொம்பு. மூட்டை யாருடையது என்பது அவனுக்கே தெரியாது. ஹோட்டல் பால்கனியில் இழுக்கிறவன் மாட்டினால் அவனுக்கு ஒரு ராத்திரி கெட்டுப்போகும். மூட்டையைத் தூக்கினவன் மாட்டினால் கல்யாண வயசு கடந்துதான் வீட்டுக்கு வருவான். எங்கள் பக்கத்துக் கிராமங்களில் இது வெறும் வாதம் இல்லை. பள்ளிக்கூடப் பிள்ளைகளின் பையில் பொட்டலம் இருக்கிறதா என்று அம்மாக்கள் தடவிப் பார்க்கிற ஊர்களும் இவையேதான். ஆகவே பழைய திண்ணைகளை நினைத்துக் கஞ்சாவுக்குக் கொடி பிடிக்க என்னால் முடியாது.

நான் இழந்துவிட்டோம் என்று நினைப்பது கஞ்சாவை இல்லை. ஒருவனை உள்ளே விடுவதற்கும் அவன் செய்வதை ஒப்புக்கொள்வதற்கும் நடுவே ஒரு இடைவெளி இருந்தது. சத்திரம் அந்த இடைவெளியில்தான் நின்றது. வந்தவன் நல்லவனா என்று விசாரித்த பிறகு சோறு போடவில்லை. சோறு போட்ட பிறகு விசாரிக்கவும் இல்லை. இன்று அந்த இடைவெளியைச் சட்டம் அடைத்துவிட்டது, நம் மனசும்தான். காசுள்ளவனுக்கு மட்டும் அது வேறு பெயரில் திறந்திருக்கிறது, 'பிரைவசி' என்று.

சோறு இன்னும் மிச்சம் இருக்கிறது. ராமநாதசுவாமி கோயில் அன்னதானத்தில் பந்தியில் உட்கார்ந்தால் யாரும் ஆதார் கேட்பதில்லை. படுக்கைதான் போய்விட்டது. விடிகாலையில் அக்னி தீர்த்தக் கரைக்குப் போனால், பூட்டிய கடைகளின் படிகளில் காவித் துணியால் முகத்தை மூடிக்கொண்டு வரிசையாகத் தூங்குவார்கள். காசியிலிருந்து வந்தவர்களும் இருப்பார்கள். ஐந்து மணிக்கு ஒரு டீக்கடைக்காரர் வந்து, ஷட்டரைத் தூக்குவதற்கு முன்னால், "எந்திரிங்க சாமி, தண்ணி தெளிக்கணும்" என்பார். எழுந்து தள்ளி உட்கார்கிறவர்களுக்கு முதல் டீயைக் கொடுத்துவிட்டுத்தான் வியாபாரத்தை ஆரம்பிப்பார். சத்திரத்தின் கணக்கில் இன்னும் எழுதப்படாத வரி அது.