பூதமும் இரும்பு வீரனும்

மலைபோன்ற உருவத்தைக் கண்டு அஞ்சுவதும், அஞ்சியவாறே அதனை மீண்டும் காண விழைவதும் மனித இயல்பு. தசராவின் இறுதி நாளன்று தில்லி மைதானங்களில் இராவணனின் பேருருவம் தீப்பற்றி எரிவதைக் காணக் கூடும் மக்கள் வெள்ளமே இதற்குச் சான்று. இவ்விழைவையே முதலாகக் கொண்டு, அமெரிக்கத் திரைப்பட நிறுவனங்கள் கோடை விடுமுறைக் காலத்தில் பெரும் பொருட்செலவில் படங்களை வெளியிடுகின்றன. கடலிலிருந்து ஒரு பூதம் எழும். அதனை எதிர்க்க வானளாவிய இயந்திர வீரன் வருவான். இருவரும் மோத, நகரம் பொடிபடும். சிறுவர் விளையாட்டென்று இவற்றை ஒதுக்குவோர் உளர். ஆயினும் இக்கதைகள் பிறந்த வரலாற்றை நோக்கின், அவற்றின் அடித்தளத்தில் ஒரு வினா இருப்பது புலப்படும். மனிதன் தன் அறிவால் படைத்துவிட்ட அளவிறந்த ஆற்றலை யார் கையில் ஒப்படைப்பது என்பதே அவ்வினா.

1954ஆம் ஆண்டு மார்ச்சு 1ஆம் நாள், பசிபிக் பெருங்கடலில் உள்ள பிகினி பவழத்தீவில் அமெரிக்கா ஒரு ஹைட்ரஜன் குண்டை வெடித்துச் சோதித்தது. அதன் ஆற்றல் 15 மெகாடன். ஹிரோஷிமாவை அழித்த குண்டைப்போல் ஏறத்தாழ 1,000 மடங்கு. அதனை ஆக்கிய விஞ்ஞானிகள் கணித்திருந்ததைவிட இருமடங்குக்கும் மேலாக அது வெடித்தது. தொலைவில் மீன்பிடித்துக்கொண்டிருந்த 'டாய்கோ புக்குரியூ மாரு' என்னும் ஜப்பானியப் படகின்மீது கதிரியக்கச் சாம்பல் வெண்பனிபோல் பொழிந்தது. படகிலிருந்த 23 பேரும் நோயுற்றனர். வானொலிக் கருவியை இயக்கிவந்த ஐகிச்சி குபோயாமா செப்டம்பர் 23ஆம் நாள் உயிர்நீத்தார். மார்ஷல் தீவுகளின் மக்களும் இச்சாம்பலுக்கு இரையாயினர். இச்செய்தி நம் நாட்டையும் உலுக்கியது. அவ்வாண்டு ஏப்ரல் 2ஆம் நாள் பிரதமர் நேரு நாடாளுமன்றத்தில் பேசுகையில், படைக்கலக் குறைப்புக்கான முழு உடன்பாடு எட்டப்படும்வரை இத்தகைய சோதனைகளையேனும் நிறுத்திவைக்க வேண்டுமென்று உலக நாடுகளைக் கேட்டுக்கொண்டார்.

அதே ஆண்டு நவம்பர் 3ஆம் நாள் ஜப்பானில் தோஹோ நிறுவனத்தின் 'கோஜிரா' வெளியாயிற்று. உலகம் இதனைக் 'காட்சில்லா' என்றே அறியும். ஹைட்ரஜன் குண்டுச் சோதனையால் உறக்கம் கலைந்து கடலினின்றும் எழும் ஒரு தொல்விலங்கின் கதை இது. படம் தொடங்கியவுடனேயே ஒரு கப்பல் கண்கூசும் ஒளியில் மூழ்குகிறது. எந்தப் படகை அது நினைவூட்டுகிறது என்பதை அன்றைய ஜப்பானியர்க்கு எவரும் விளக்கவேண்டியிருக்கவில்லை. இயக்குநர் இஷிரோ ஹோண்டா, போர் முடிந்து படைவீரராகத் தாயகம் திரும்பியபோது ஹிரோஷிமாவின் அழிவை நேரிற் கண்டவர். எய்ஜி சுபுராயா டோக்கியோ நகரைச் சிற்றுருவில் சமைத்தளிக்க, ஏறத்தாழ 100 கிலோ எடையுள்ள உடைக்குள் புகுந்து ஹாருவோ நகாஜிமா அதனை மிதித்து நடந்தார். இரட்டைப் பாஸ் எனும் பெருந்தந்திக் கருவியின் நரம்புகளைத் தோலுறையால் உரசி அப்பூதத்தின் முழக்கத்தை உண்டாக்கினார் இசையமைப்பாளர் அகிரா இபுகுபே.

எனினும் இப்படத்தில் நெஞ்சைத் தொடுவது பூதத்தின் முழக்கமன்று. எரியும் கட்டடத்தின் கீழ்த் தன் குழந்தைகளை அணைத்துக்கொண்டு, அப்பாவிடம் விரைவில் சென்றுவிடுவோம் என்று தேற்றும் ஒரு தாயைக் காட்டுகிறார் ஹோண்டா. மருத்துவமனையில் ஒரு குழந்தையின்மீது கதிரியக்கமானியை நீட்டிப் பார்ப்பவர் வாய்திறவாது தலையசைக்கிறார். இறுதியில், பூதத்தைக் கொல்லவல்ல கருவியைக் கண்டுபிடித்த செரிசாவா எனும் விஞ்ஞானி அதனைப் பயன்படுத்தத் தயங்குகிறார். இது வெளிப்பட்டால் அரசுகள் தம்மிடமிருந்து இதனைப் பறித்து அடுத்த படைக்கலமாக்கிவிடும் என்பது அவர் அச்சம். ஆகவே குறிப்புகளை எரித்துவிட்டு, கடலடியில் கருவியை இயக்கி, மேலேறும் கயிற்றைத் தாமே அறுத்துக்கொண்டு மாள்கிறார். முன்னர் எழுந்த வினாவுக்கு 1954 அளித்த விடை இது: இவ்வாற்றல் எவர் கையிலும் இருத்தலாகாது.

ஈராண்டுகளுக்குள் வேறொரு விடை பிறந்தது. 1956இல் மிட்சுதேரு யோகோயாமா 'டெட்சுஜின் 28' எனும் சித்திரத் தொடரை வரையலானார். போரின் இறுதிக் காலத்தில் ஜப்பானியப் படைக்கென மறைவில் உருவாக்கப்பட்ட இரும்பு மனிதன், போருக்குப்பின் ஒரு சிறுவனின் கைக்கு வருகிறான். சிறுவன் ஒரு சிறு பெட்டியைக் கொண்டு அவனைத் தொலைவிலிருந்து இயக்குவான். ஆனால் அப்பெட்டி கள்வர் கையிற் சிக்கினால் இரும்பு மனிதன் அவர்களுக்கும் அவ்வாறே பணிசெய்வான். அவனுக்கு நன்மையும் இல்லை, தீமையும் இல்லை. யோகோயாமா பிறந்த கோபே நகரம் போரில் குண்டுவீச்சால் எரிந்த நகரம் என்பதை நினைவிற்கொண்டால், இக்கதையின் ஆழம் விளங்கும்.

1972இல் கோ நாகாய் 'மாஜிங்கர் இசட்' கதையில் மூன்றாவது விடையைத் தந்தார். போக்குவரத்து நெரிசலில் சிக்கி நின்றபோது, தம் ஊர்தி கால்முளைத்து எழுந்து முன்னிற்கும் வண்டிகளைத் தாண்டிச் செல்லாதா என்று எண்ணியதிலிருந்தே இக்கற்பனை பிறந்ததாக அவர் கூறியுள்ளார். இங்கு இளைஞன் தொலைவில் நிற்பதில்லை. இயந்திரத்தின் தலைக்குள்ளேயே அமர்கிறான். இதனைக் கொண்டு நீ தெய்வமும் ஆகலாம், அரக்கனும் ஆகலாம் என்று எச்சரித்தே அவன் பாட்டனார் அதனை ஒப்படைக்கிறார். இயந்திரம் அடிபட்டால் தானும் அடிபடும் இடத்தில் அமர்ந்திருப்பவனே அதனை இயக்கத் தகுந்தவன் என்னும் கருத்து இதனால் வேரூன்றியது.

இவ்விரு மரபுகளும் ஹாலிவுட்டின் கோடைத் திரையில் முழுவடிவில் கூடியது 2013 ஜூலையில். மெக்சிகோவில் பிறந்த கிலெர்மோ டெல் டோரோ இயக்கிய 'பசிபிக் ரிம்' அப்போது வெளியாயிற்று. ஜப்பானியரின் 'கைஜு' என்னும் சொல்லாலேயே அதிற் பூதங்கள் அழைக்கப்படுகின்றன. இயந்திர வீரர்க்கு வேட்டைக்காரன் எனப் பொருள்படும் ஜெர்மானியச் சொல் பெயராயிற்று. படத்தின் முடிவில் அது ஹோண்டாவுக்கும், சிற்றுருவப் பூதங்களுக்கு அசைவு தந்த ரே ஹாரிஹவுசனுக்கும் காணிக்கையாக்கப்பட்டுள்ளது.

இப்படத்தின் தனிச்சிறப்பு ஒன்றுண்டு. ஒரு வீரனை இயக்க இருவர் வேண்டும். ஒருவர் உள்ளமே அப்பாரத்தைத் தாங்காது. இருவரும் தம் நினைவுகளை ஒன்றாக்கிக்கொண்டால்தான் இரும்புக்கால் ஓரடி எடுத்துவைக்கும். பாழடைந்த டோக்கியோ வீதியில் ஒற்றைச் செந்நிறச் செருப்பைக் கையிலேந்தி அழுதோடிய சிறுமியின் நினைவு, உடனிருப்பவனின் நினைவாகவும் ஆகிவிடுகிறது. பேராற்றலைத் தனியொருவன் கையில் விடாது, பிறன் துயரைத் தன் துயராய் உணரவல்லவரிடமே விடவேண்டும் என்பது இந்நான்காம் விடை. இப்படம் உலகெங்கும் 40 கோடி டாலருக்கு மேல் ஈட்டியது. அமெரிக்காவிற் கிடைத்ததைவிடச் சீனத்திற் கிடைத்தது மிகுதி.

இவ்வகைப் படங்கள் அனைத்தும் இவ்வுயரத்தை எட்டுவதில்லை. காட்சில்லா 1956இல் அமெரிக்கத் திரைக்கு வந்தபோது, புதிய காட்சிகள் சேர்க்கப்பட்டு அணுகுண்டைப் பற்றிய பகுதிகள் பெரிதும் குறைக்கப்பட்டன. ஜப்பானிலும் பூதம் நாளடைவில் குழந்தைகளின் தோழனாய் மாறிற்று. ஓராயிரம் கட்டடங்கள் சரிந்தும் அவற்றுள் ஒருவரேனும் இறந்ததாக எண்ணமே எழாத படங்கள் இன்று மலிந்துள்ளன. அத்தகைய அழிவைக் கண்டு பழகும் கண்கள், செய்தித்தாளில் மெய்யான நகரொன்று வீழ்ந்ததைக் காணும்போதும் அவ்வாறே கடந்துவிடுமோ என்னும் கவலை நியாயமானதே.

ஆயினும் பழைய ஊற்று வற்றிவிடவில்லை. 2023 நவம்பர் 3ஆம் நாள், முதற் படம் வெளியான அதே தேதியில், தகாஷி யமசாகியின் 'காட்சில்லா மைனஸ் ஒன்' வெளிவந்தது. அதில் இயந்திர வீரன் இல்லை. போரில் தோற்று, அரசின் உதவியுமின்றி, பழைய கப்பல்களோடு புறப்படும் எளிய மனிதர்களே பூதத்தை எதிர்கொள்கின்றனர். இம்முறை எவரும் வீணே சாகக்கூடாது என்பதே அவர்கள் உறுதி. 2024 மார்ச்சில் காட்சியமைப்பு நுட்பத்திற்கான ஆஸ்கார் பரிசு இப்படத்தைச் சேர்ந்தது.

ஆகவே, நம் இல்லத்துப் பிள்ளைகள் இத்தகைய படத்திற்கு அழைக்கும்போது முகஞ்சுளிக்க வேண்டுவதில்லை. உடன் செல்வதே தகும். பேருருவங்கள் மோதும்போது அவற்றின் காலடியில் ஓடும் மனிதனைப் படம் ஒருகணமேனும் நின்று பார்க்கிறதா என்று நோக்குவோம். படம் முடிந்து வீடு திரும்புகையில், குபோயாமாவின் படகைப் பற்றியும் பிள்ளைகளுக்குச் சொல்லி வைப்போம்.