கை தவறினா யார் பொறுப்பு?

2013 டிசம்பர், ஜோகன்னஸ்பர்க். நெல்சன் மண்டேலா நினைவு நிகழ்ச்சி. மேடையில ஒருத்தர் கையை அசைச்சுக்கிட்டே நின்னார். பார்த்த காதுகேளாதவங்களுக்கு ஒண்ணும் புரியல. அது சைகை மொழியே இல்லைன்னாங்க. அன்னிக்கு நானும் சிரிச்சேன். இந்த எபிசோடுக்காகப் படிச்சப்பதான் உறைச்சது: இதே தப்பு ஆஸ்பத்திரியில நடந்தா?

ரொம்ப காலமா இது ஒரு தொழிலாவே இல்லை. காதுகேளாதவங்களோட பிள்ளைகள், பாதிரியார்கள், ஆசிரியர்கள் உதவியா செஞ்சாங்க. 1964-இல் அமெரிக்காவின் இண்டியானா மாநிலம், மன்சி நகரில் நடந்த கூட்டத்தில்தான் சைகை மொழிபெயர்ப்பாளர்களுக்கான தேசியப் பதிவு அமைப்பு பிறந்தது. உதவி தொழிலாச்சு; கூலியோட பொறுப்பும் வந்துச்சு.

இன்னிக்கு பிரிட்டனில் என்ஆர்சிபிடி பதிவேட்டில் பேர் இருக்கணும்னா, தொழில்சார் இழப்பீட்டுக் காப்பீடு கட்டாயம். ஃப்ரீலான்சருக்குப் பின்னாடி கம்பெனி கிடையாது. மருந்தளவைத் தப்பா சொல்லி வழக்கு வந்தா, வக்கீல் செலவு, நஷ்டஈடு எல்லாம் அவர் தலையில. பாலிசி அந்தச் சுமையைத் தாங்குது. பாதிக்கப்பட்டவருக்கும் நஷ்டஈடு கிடைக்க வழி இருக்கு.

ஆனா காப்பீடு தப்பைத் தடுக்காது. அதுக்குப் பயிற்சியும் தேர்வும்தான் வேணும். அந்த மேடையில இல்லாமப் போனதும் அதுதானே?