பெரட்டுக் களத்திலிருந்து பாசறைக்கு: ஜான்சி ராணிப் படையும் மலாயாத் தோட்டப் பெண்களும்

முன்னுரை

1943 ஜூலை 12 அன்று சிங்கப்பூரில் இருபது பெண்கள் .303 ரகத் துப்பாக்கி ஏந்தி, நேதாஜி சுபாஷ் சந்திர போசுக்கு அணிவகுப்பு மரியாதை செலுத்தினர். சேலை உடுத்திய தோள்களில் ஏறத்தாழ நான்கு கிலோ எடையுள்ள துப்பாக்கி. அவர்களைத் திரட்டியவர் சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்து, 1940இல் சிங்கப்பூர் வந்த மருத்துவர் லட்சுமி. இந்திய தேசிய இராணுவத்தின் ஜான்சி ராணிப் படை இப்படித்தான் தொடங்கியது.

படையில் சேர்ந்தவர்களுள் பெரும்பான்மையினர் தமிழ்ப் பெண்கள். அவர்களிலும் பலர் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் சீவியவர்கள், இந்திய மண்ணை ஒருமுறைகூட மிதித்திராதவர்கள். காணாத நாட்டின் விடுதலைக்கு இவர்கள் ஏன் துப்பாக்கி எடுத்தார்கள்? நேதாஜியின் பேச்சாற்றலே காரணம் என்பது வழக்கமான விடை. அந்த அழைப்புக்கு முன்பே தோட்டத்துக்குள் ஒரு போராட்ட வரலாறு இருந்தது என்பதையும், பெண்களின் முடிவில் அதற்குப் பங்கு உண்டு என்பதையும் இக்கட்டுரை எடுத்துரைக்கிறது.

தோட்டத்து வாழ்வு

மலாயாவில் ஒப்பந்தக் கூலிமுறை 1910இல் ஒழிக்கப்பட்டது. அதன்பின் கங்காணி வழி ஆள் சேர்ப்பே ஓங்கியது. குடும்பம் குடும்பமாக வந்தவர்கள் லயத்து வீடுகளில் குடியமர்ந்தனர். விடியுமுன் பெரட்டு, பெயர் கூப்பிட்டதும் வேலைக்காட்டுக்கு நடை. கைக்குழந்தை ஆயாக் கொட்டகையில். ஆணைப் போலவே பெண்ணும் மரம் சீவினாள்; கூலி மட்டும் அவளுக்குக் குறைவு. 1920களின் இறுதியில் ஆணுக்கு நாளொன்றுக்கு 50 காசு என்றால் பெண்ணுக்கு 40 காசு. உலகப் பொருளாதார மந்தம் அதையும் வெட்டியது.

1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் பெரும் வேலைநிறுத்தம் வெடித்தது. தொழிலாளரின் கோரிக்கைகள் கூலி உயர்வோடு நிற்கவில்லை. துரையைக் கண்டால் சைக்கிளிலிருந்து இறங்க வேண்டும் என்ற வழக்கம் ஒழிய வேண்டும், கள்ளுக்கடை மூடப்பட வேண்டும், தோட்டப் பெண்களிடம் அதிகாரிகள் தகாத முறையில் நடப்பது நிற்க வேண்டும் என்றும் கேட்டனர். பெண்ணின் மானம் அங்கே தொழிற்சங்கக் கோரிக்கையாகவே எழுதப்பட்டது. ஆங்கிலேய அரசு துருப்புகளை இறக்கியது. துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் ஐவர் மாண்டனர். தலைவர் ஆர். எச். நாதன் இந்தியாவுக்கு நாடு கடத்தப்பட்டார்.

அடுத்த ஆண்டு, 1942 பிப்ரவரி 15 அன்று, சிங்கப்பூர் ஜப்பானியரிடம் வீழ்ந்தது. ரப்பர் ஏற்றுமதி நின்றது; தோட்டங்களில் வேலையும் அரிசியும் அற்றுப்போயின. சயாம் மரண ரயில்பாதைக்குக் கொண்டுபோகப்பட்ட தமிழர்களில் பல்லாயிரவர் திரும்பவில்லை. ஆக, அழைப்பு வந்தபோது தோட்டப் பெண்ணிடம் மூன்று இருந்தன: துரைமீது பழைய கோபம், வீட்டில் பசி, ஆணில்லாத லயத்தில் அச்சம். பாசறை உணவும் காப்பும் தந்தது உண்மை. அதனால் அவர்களுடைய அரசியல் பொய்யாகிவிடாது.

பாசறையில்

சிங்கப்பூர்ப் பயிற்சிப் பாசறை 1943 அக்டோபர் 22 அன்று திறக்கப்பட்டது. அதற்கு முந்தைய நாள் போஸ் அறிவித்த தற்காலிக அரசில் லட்சுமி மகளிர் துறைப் பொறுப்பேற்றிருந்தார். காக்கிச் சட்டை, கால்சட்டை, தொப்பி, துப்பாக்கி, துப்பாக்கி முனைக்கத்தி, கையெறிகுண்டுப் பயிற்சி, நெடுந்தூர நடை. கட்டளைகள் இந்துஸ்தானியில் ஒலித்ததால் தமிழ்ப் பெண்கள் புதுமொழியும் கற்றனர்.

இங்கே ஒரு சொல்லைக் கவனிக்கலாம். ஆங்கிலத்தின் ‘பரேடு’தான் தோட்டத்தில் ‘பெரட்டு’ என மருவியது. தோட்டத்தில் கூலியாளாக நின்ற அதே வரிசையில், பாசறையில் அவள் படைவீரராக நின்றாள்.

இருப்பினும் படை ஆணாதிக்கத்துக்கு வெளியே நிற்கவில்லை. சேர்வதற்கு மணமாகாதவருக்குத் தந்தையின் கையொப்பமும் மணமானவருக்குக் கணவனின் கையொப்பமும் தேவைப்பட்டன. கோலாலம்பூரைச் சேர்ந்த ஜானகி தேவர் காதணியைக் கழற்றிப் போசிடம் கொடுத்தவர். அவர்கூடத் தந்தையின் மனத்தை மாற்றிய பிறகே பாசறை சேர முடிந்தது.

படையினரின் எண்ணிக்கை ஆயிரம் என்பது பரவலான கணக்கு. பிற்கால ஆய்வு அதில் பாதியளவே என்கிறது. ஒரு பிரிவு பர்மாவுக்குச் சென்றது. இம்பால் படையெடுப்பு 1944இல் தோற்றதால் போர்முனைக்குச் செல்லும் வாய்ப்பு வரவில்லை. மேமியோவில் காயமுற்றோருக்குப் பணிவிடை செய்தனர். 1945 ஏப்ரலில் ரங்கூனைவிட்டுப் பின்வாங்கியபோது, விமானத் தாக்குதலுக்கு அஞ்சி இரவில் நடந்தும் ரயிலிலும் பாங்காக் சேர்ந்தனர். ரயில்மீது நடந்த தாக்குதலில் ஸ்டெல்லா, ஜோசபின் என்ற இருவர் உயிரிழந்தனர்.

போருக்குப் பின்

கேப்டன் லட்சுமி பின்னாளில் மாநிலங்களவை உறுப்பினரானார். 2002இல் குடியரசுத் தலைவர் தேர்தலில் போட்டியிட்டார். ஜானகி 1946இல் மலாயா இந்தியக் காங்கிரசைத் தோற்றுவித்தவர்களுள் ஒருவர். படையிலிருந்த ராசம்மா பூபாலன் ஆசிரியையாகி, ஆண் ஆசிரியருக்கு இணையான ஊதியம் கேட்டுப் போராடினார். தோட்டப் பெண்கள் பால்வாளியோடு காட்டுக்குத் திரும்பினர். ஆனால் தோட்டம் பழைய தோட்டமாக இல்லை. 1946-47இல் கெடாவின் ஹார்வர்ட் தோட்டத்தில் ஏ. எம். சாமி தலைமையில் எழுந்த தொண்டர் படை, கிள்ளான் போராட்டம் கேட்டது போலவே கள்ளை எதிர்த்தது.

முடிவுரை

போரில் சுட்ட குண்டுகளை எண்ணி இப்படையை அளப்பது பொருந்தாது. 1941இல் மற்றவர்கள் தம் பொருட்டுக் கேட்ட மானத்தை, 1943இல் தோட்டப் பெண்கள் தாமே காக்க முன்வந்தனர். விடுதலை என்ற சொல்லுக்கு டில்லி செங்கோட்டை மட்டுமன்று, துரைமுன் தலைகுனியாத வாழ்வும் அவர்களிடத்தில் பொருளாயிருந்தது. நினைவுக்குறிப்பு எழுதியவர்களும் பேட்டி அளித்தவர்களும் பெரும்பாலும் படித்த அதிகாரிகளே. அவர்கள் பின்னால் அணிவகுத்த தோட்டப் பெண்களில் மிகப் பலரின் பெயர் எந்த நூலிலும் இல்லை.