தமிழகத்தில் ஒருங்கிணைந்த மனநோய்ச் சிகிச்சை: கீழ்ப்பாக்கம் முதல் காஞ்சிபுரம் வரை

மருந்து, பேச்சுவழிச் சிகிச்சை, வாழ்க்கைமுறை மாற்றம் மூன்றையும் சேர்த்துத் தரும் மனநோய்ச் சிகிச்சையின் வரலாற்றை எழுதுகிறவர்கள் வழக்கமாக 1977-இல் தொடங்குவார்கள். அந்த ஆண்டில்தான் அமெரிக்க மருத்துவர் ஜார்ஜ் எங்கல், நோயை உடல், உளம், சமூகம் என்ற மூன்று தளங்களிலும் வைத்துப் பார்க்க வேண்டும் என்று 'சயன்ஸ்' இதழில் வாதிட்டார். கொள்கையின் வரலாறாக இது சரி. நடைமுறையின் வரலாறு வேறு. எங்கல் எழுதுவதற்கு இருபது ஆண்டுகளுக்கு முன்பே வேலூரில் அந்தச் சேர்க்கை நடைமுறைக்கு வந்துவிட்டது. அதற்குக் கொள்கைப் பற்று மட்டும் காரணமல்ல. கைக்கு ஆள் இல்லாததும் காரணம். அந்தப் பற்றாக்குறையை யார் சுமந்தார்கள் என்பதைத் தொடர்ந்து பார்த்தால்தான் தமிழகத்தில் இந்தச் சிகிச்சை எங்கே பலித்தது, எங்கே பலிக்கவில்லை என்பது விளங்கும்.

சென்னையில் மனநோயாளிகளுக்கான முதல் விடுதியை 1794-இல் வாலன்டைன் கனாலி என்ற அறுவை மருத்துவர் புரசைவாக்கத்தில் தொடங்கினார். 1871-இல் கீழ்ப்பாக்கத்து லோகாக் தோட்டத்தில் அரசின் காப்பகம் எழுந்தது. இன்றைய மனநல மருத்துவக் கழகத்தின் தொடக்கம் அதுவே. தோட்ட வேலை, நெசவு போன்றவை அந்தக் காலத்துக் காப்பகங்களில் உண்டு. ஆனால் காலனி அரசின் அறிக்கைகள் அவற்றைச் சிகிச்சையாகப் பார்த்ததைவிட வரவுக் கணக்காகப் பார்த்ததே அதிகம். 1912-ஆம் ஆண்டு மனநோயாளர் சட்டத்தின்கீழ் உள்ளே போவதற்குப் பெரும்பாலும் மாஜிஸ்திரேட்டின் உத்தரவு வேண்டியிருந்தது. வெளியே வருவதற்கு வீட்டார் வர வேண்டியிருந்தது. பலருக்கு யாரும் வரவில்லை. கீழ்ப்பாக்கம் என்ற ஊர்ப்பெயர் வசைச்சொல்லாகிச் சினிமா நகைச்சுவை வரை போனதற்கு இந்த ஒருவழிப் பாதையும் ஒரு காரணம்.

1946-இல் போர் (Bhore) என்பவர் தலைமையிலான சுகாதார ஆய்வுக் குழு கணக்கெடுத்தபோது நாடு முழுவதற்கும் சுமார் பத்தாயிரம் மனநோய்ப் படுக்கைகளே இருந்தன. ஆறு ஆண்டு கழித்து, 1952-இல், பாரிஸ் சாந்த் ஆன் மருத்துவமனையில் ழான் தெலேயும் பியேர் தெனிக்கரும் குளோர்புரோமசின் மருந்தை மனநோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். வெறி தணிந்தது, காதில் கேட்ட குரல்கள் அடங்கின. (மருந்தின் கதை மேற்கிலேயே தொடங்கியது என்பதும் முழு உண்மையல்ல. சர்ப்பகந்தி வேரைப் பித்துக்கும் இரத்தக் கொதிப்புக்கும் கொடுக்கலாம் என்று சென், போஸ் என்ற இரு வங்காள மருத்துவர்கள் 1931-லேயே இந்திய மருத்துவ இதழ் ஒன்றில் எழுதியிருந்தார்கள். உலகம் கவனிக்க மேலும் இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று.) மாத்திரை வந்ததும் நோயாளியை வீட்டில் வைத்துப் பார்ப்பது நடக்கக்கூடிய காரியமாயிற்று. ஆனால் வீட்டில் இருப்பவருக்கு என்ன தெரியும்?

இந்தக் கேள்விக்கு முதலில் கைவைத்தவர் அமிர்தசரஸ் மனநோய் மருத்துவமனையின் வித்யா சாகர். 1950-களில் அவர் இராணுவக் கூடாரங்களை வாங்கி மருத்துவமனை வளாகத்திலேயே அடித்து, நோயாளிகளின் உறவினர்களை அங்கே தங்கவைத்தார். 1957-இல் வேலூர் பாகாயத்தில் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் மனநல மையம் திறக்கப்பட்டபோது இந்த ஏற்பாடு நிரந்தரக் கட்டடமாயிற்று. நோயாளியோடு துணைக்கு ஒருவர் வந்து தங்குவது அங்கே விதி. அம்மாவோ மனைவியோ அண்ணனோ கூடவே இருந்து சமைத்துப் போட்டார்கள். வேளைக்கு மாத்திரை கொடுத்தார்கள். தூக்கம், சாப்பாடு, பேச்சு எப்படி இருக்கிறது என்று மருத்துவரிடம் சொன்னார்கள். உறவினர் கூட்டங்களில் மருத்துவர் நோயை விளக்கினார்: இது சாபமல்ல, வளர்ப்பின் குற்றமுமல்ல, குணமானதுபோல் தெரிந்தாலும் மாத்திரையை நிறுத்தக் கூடாது. அதே கூட்டத்தில் ஒரு தாய் இன்னொரு தாயிடம் கற்றுக்கொண்டது மருத்துவர் சொன்னதைவிட அதிகமாகக்கூட இருந்திருக்கும். கோல்மேயரும் பெர்னாண்டஸும் 1963-இல் அமெரிக்க மனநோய் மருத்துவ இதழில் இந்தக் குடும்ப முறையைப் பற்றி எழுதினார்கள். நோயாளியை வீட்டாரிடமிருந்து பிரித்துவைப்பதே சிகிச்சை என்று நம்பியிருந்த மேற்கத்திய வாசகர்களுக்கு அது தலைகீழான செய்தி.

கீழ்ப்பாக்கத்தில் மாற்றம் மெதுவாகவே வந்தது. 1961-இல் கண்காணிப்பாளராகப் பொறுப்பேற்ற டாக்டர் சாரதா மேனன், இந்தியாவில் மனநோய் மருத்துவம் படித்த முதல் பெண்மணிகளுள் ஒருவர். 1978 வரை அவர் அந்தப் பொறுப்பில் இருந்தார். பூட்டிய கூடங்களுக்குள் தொழில் சிகிச்சையும் மறுவாழ்வுப் பயிற்சியும் நுழைந்தது அந்தக் காலத்தில்தான். காப்பக காலத்து நெசவுக்கும் இதற்கும் வேறுபாடு எளியது. முன்பு வேலை நிறுவனத்துக்காக; இப்போது வெளியே போகப்போகும் ஆளுக்காக. ஓய்வுக்குப் பின் 1984-இல் அவர் தொடங்கிய 'ஸ்கார்ஃப்' என்ற மனச்சிதைவு (ஸ்கிசோஃப்ரினியா) ஆய்வு நிறுவனத்துக்கு அடிப்படை அந்த அனுபவமே.

அதற்குச் சற்று முன், உலக சுகாதார நிறுவனம் ஒன்பது நாடுகளில் 1,202 நோயாளிகளை வைத்து நடத்திய ஆய்வு ஒரு வியப்பைக் கிளப்பியிருந்தது. ஆக்ரா, நைஜீரியாவின் இபதான், கொலம்பியாவின் கலி ஆகிய ஊர்களின் நோயாளிகள் லண்டன், வாஷிங்டன் நோயாளிகளைவிட நன்றாகத் தேறினார்கள். குடும்பம்தான் காரணம் என்று பலரும் முடிவுகட்டினர். 1980-களின் தொடக்கத்தில் சென்னையிலும் முதல்முறை மனச்சிதைவு கண்ட 90 பேரைத் தேர்ந்து ஆண்டுக்கணக்கில் பின்தொடரும் ஆய்வு தொடங்கியது. ஸ்கார்ஃபின் டாக்டர் இரா. தாரா அதைப் பத்தாண்டு, இருபதாண்டு என்று எடுத்துச்சென்றார். பத்தாண்டு முடிவில் பெரும்பாலோருக்கு அறிகுறிகள் தணிந்திருந்தன. ஆண்களில் பலர் வேலையிலும் இருந்தார்கள். நமது குடும்ப அமைப்பின் பெருமை பேசுவதற்கு இதைவிட நல்ல சான்று கிடைக்காது.

ஆனால் சென்னை ஆய்வாளர்கள் அந்தப் பெருமையோடு நின்றுவிடவில்லை. அவர்களுடைய பணியில் நான் மிக மதிப்பது இதைத்தான். பத்மாவதி, ராஜ்குமார், ஸ்ரீனிவாசன் மூவரும் 1998-இல் வெளியிட்ட ஆய்வு, சென்னையின் ஒரு பகுதியில் வீடு வீடாகக் கண்டறியப்பட்ட 261 மனச்சிதைவு நோயாளிகளைப் பற்றியது. அவர்களில் 75 பேர் வாழ்நாளில் ஒரு முறைகூடச் சிகிச்சை பெறாதவர்கள். அவர்கள் அனாதைகள் அல்லர். பெரிய குடும்பங்களில் வாழ்ந்தவர்கள். ஆள் நிறைந்த வீடு அவர்களைத் தாங்கிக்கொண்டது, அதனாலேயே மருத்துவரிடம் கொண்டுபோகும் அவசரமும் இல்லாமல் போனது. நோய் மட்டும் முற்றிக்கொண்டே இருந்தது. 2008-இல் வெளிவந்த இன்னொரு கட்டுரை, வளரும் நாடுகளில் இந்த நோய் நன்றாகத் தேறும் என்ற நம்பிக்கையையே கேள்விக்கு உட்படுத்தியது. அதை எழுதிய நால்வரில் தாராவும் ஒருவர். கணவனால் கைவிடப்பட்டுத் தாய்வீட்டுக்குத் திரும்பிய பெண் நோயாளிகளைப் பற்றியும் அவர் எழுதியிருக்கிறார். அந்தப் பெண்களின் கதையில் 'இந்தியக் குடும்பம்' என்பது வயதான பெற்றோர் இருவர், அவ்வளவே. பாசத்தால் மருந்தின் வேலையைச் செய்ய முடியாது. மருந்தும் பாசத்தின் வேலையைச் செய்யாது.

இந்த உண்மையின் இன்னொரு முகம் கோயில்களிலும் தர்காக்களிலும் தெரிந்தது. 2001 ஆகஸ்ட் 6 அதிகாலையில் ஏர்வாடி தர்காவை ஒட்டி நடந்துவந்த மனநோயாளர் விடுதி ஒன்றில் கொட்டகை தீப்பற்றியது. சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த மனநோயாளிகளால் ஓட முடியவில்லை; 28 பேர் மாண்டார்கள். உச்ச நீதிமன்றம் தானாகவே வழக்கை எடுத்துக்கொண்டது, அங்கிருந்த அத்தகைய விடுதிகள் மூடப்பட்டன. மறு ஆண்டு 'பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்' இதழில் ரகுராமும் உடன் ஆய்வாளர்களும் வேறொரு படத்தைக் காட்டினர். வேலாயுதம்பாளையம்புதூர் முத்துசாமி கோயிலில் தங்கிய 31 பேருக்கு, மருந்து ஏதும் தராத நிலையில், நோய்க்குறி அளவீடு சராசரி 52.9-இலிருந்து 42.9 ஆகக் குறைந்திருந்தது. குறிப்பான சடங்கு எதுவும் இல்லை. அடியில்லை, சங்கிலியில்லை, கோயில் வேலைகளில் பங்கு உண்டு, உறவினர் உடன் இருந்தார். இதை வைத்து மாத்திரை தேவையில்லை என்று வாதிடுவோர் உண்டு. 31 பேரை, ஒப்பீட்டுக் குழு இல்லாமல், சில வாரங்கள் பார்த்த ஆய்வு அவ்வளவு பாரம் தாங்காது. மிரட்டாத இடமும் ஒழுங்கான நாளும் ஓரளவு குணம் தரும் என்பதை மட்டும் அது காட்டுகிறது. பின்னாளில் ஏர்வாடி தர்காவிலேயே அரசின் மனநலப் பிரிவு அமைந்து, பிரார்த்தனையும் மருந்தும் அடுத்தடுத்து நடப்பது இந்தப் பாடத்தோடு ஒத்துப்போகிறது.

வாழ்க்கைமுறை என்ற மூன்றாவது இழை கடைசியாகத்தான் கணக்கில் வந்தது. அதைக் கொண்டுவந்ததும் ஒருவகையில் மருந்தே. புதிய தலைமுறை மாத்திரைகள் கைநடுக்கத்தைக் குறைத்தன. எடையையும் சர்க்கரையையும் ஏற்றின. ஏற்கெனவே சர்க்கரை நோய் மலிந்த ஒரு சமூகத்தில் இது சிறிய செய்தியல்ல. குரல்கள் அடங்கிய ஒருவர் நாற்பது வயதில் மாரடைப்பில் போனால் எந்தச் சிகிச்சை வென்றது? யோகாவைப் பொறுத்தவரை பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல நிறுவனம் 2007-இல் வெளியிட்ட ஆய்வு குறிப்பிடத்தக்கது. 61 மனச்சிதைவு நோயாளிகளில் ஒரு பாதியினர் யோகாவும் மறுபாதியினர் உடற்பயிற்சியும் செய்தனர். இருசாராரும் மருந்தை நிறுத்தவில்லை. யோகா செய்தவர்களுக்கு முன்னேற்றம் கூடுதல். யோகா இங்கே மருந்துக்குத் துணை, மாற்று அல்ல. விளம்பரங்களில் இந்த வேறுபாடு காணாமல் போய்விடுகிறது.

பேச்சுவழிச் சிகிச்சையோ இன்றுவரை நோஞ்சானாகவே இருக்கிறது. மாவட்ட மனநலத் திட்டம் 1996-இல் நாட்டில் நான்கு மாவட்டங்களில் தொடங்கியபோது திருச்சியும் அவற்றுள் ஒன்று. மாத்திரை மாவட்டத்துக்கு வந்தது. உட்கார்ந்து பேச நேரமுள்ள ஆள் வரவில்லை.

அந்த ஆளை உருவாக்கிப் பார்த்த சோதனையைக் காஞ்சிபுரத்தில் காணலாம். கோவா, சத்தாரா, காஞ்சிபுரம் மாவட்டக் கிராமங்கள் என மூன்று இடங்களில் 282 மனச்சிதைவு நோயாளிகளை வைத்து நடந்த ஆய்வின் முடிவுகள் 2014-இல் 'லான்செட்' இதழில் வந்தன. ஒரு பிரிவினருக்கு வழக்கமான மருத்துவமனைச் சிகிச்சை மட்டும். மற்றவர்களுக்கு அதோடு, பயிற்சி பெற்ற உள்ளூர்ப் பணியாளர் ஒருவர் வீட்டுக்கே வந்தார். அவர் மருத்துவரல்லர், பட்டம் பெற்ற உளவியலாளரும் அல்லர். மாத்திரை தீர்ந்துவிட்டதா என்று பார்ப்பார், நோயைப் பற்றி வீட்டாரிடம் பேசுவார், குளிப்பது, கடைக்குப் போவது, பழைய வேலைக்குத் திரும்புவது என்று நாளை ஒழுங்குபடுத்துவார், உடல்நலத்தை விசாரிப்பார், உதவித்தொகைக்கு வழி சொல்வார். முதலில் அடிக்கடி, பின்னர் மாதம் ஒருமுறை. ஓராண்டு முடிவில் கிடைத்த பலன் மொத்தத்தில் மிதமானதே. ஆனால் மூன்று இடங்களில் பலன் தெளிவாகத் தெரிந்தது காஞ்சிபுரத்துக் கிராமங்களில்தான், அதாவது வேறு வசதிகள் மிகக் குறைவாக இருந்த இடத்தில். வேலூரில் அம்மா செய்ததை இங்கே சம்பளம் பெறும் ஒருவர் செய்தார். என் பார்வையில் இந்த அரை நூற்றாண்டின் முக்கியமான நகர்வு இதுவே.

2015-16 தேசிய மனநலக் கணக்கெடுப்பின்படி மனநோய் வகைக்கேற்ப 70 முதல் 92 விழுக்காட்டினருக்குச் சிகிச்சை எட்டவில்லை. 2017-ஆம் ஆண்டு மனநலச் சட்டம் சிகிச்சையை உரிமையாக்கியது, சங்கிலியைத் தடை செய்தது. அந்த உரிமையை வீட்டுக்குக் கொண்டுசேர்க்கக்கூடிய ஆட்களும் தமிழகத்தில் இருக்கிறார்கள்: 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பெண் தன்னார்வலர்கள் இரத்தக் கொதிப்புக்கும் சர்க்கரைக்கும் மாத்திரைகளை வீட்டு வாசலுக்கே கொண்டுபோகிறார்கள். காஞ்சிபுரம் பணியாளரின் வேலையில் பாதியை அவர்கள் ஏற்கெனவே செய்கிறார்கள். மனச்சிதைவு நோயாளிகளின் தொடர் கவனிப்பையும் முறையான பயிற்சியோடும் கூடுதல் ஊதியத்தோடும் அவர்கள் பொறுப்பில் தமிழக அரசு சேர்க்க வேண்டும்.